கனமானது முதலில் விழுமா? தடையற்ற வீழ்ச்சிக் கணக்கும் அதன் வரலாறும்

படிவம் 4 இயற்பியலில் விசை, இயக்கம் பற்றிய இயலில் தடையற்ற வீழ்ச்சி என்று ஒரு சிறு பகுதி வருகிறது. மலாயில் 'ஜாத்து பேபாஸ்'. பாடநூலில் சில பக்கங்கள்தான். சூத்திரங்கள் மூன்று. அதை மனப்பாடம் செய்வது பெரிய வேலை இல்லை. ஆனாலும் செலண்டார், ஜாசின் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற நம் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

தடுமாற்றம் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் சூத்திரத்தில் இல்லை. "கனமானதுதானே டீச்சர் முதல்ல விழும்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "மேலே போன பந்து உச்சியில் ஒரு நொடி நிக்குதே, அப்ப முடுக்கமும் சுழியம்தானே?" என்று இன்னொன்று. இந்த ரெண்டு பதிலையும் நாம் சிவப்பு மையில் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். பிள்ளையும் தனக்கு இயற்பியல் வராது என்று முடிவு கட்டி, அறிவியல் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். இந்தத் தவறான பதில்கள் முட்டாள்தனம் அல்ல. உலகின் சிறந்த அறிஞர்கள் இதே பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். சூத்திரத்தின் ஒவ்வொரு பகுதியும் அப்படிப்பட்ட ஒரு பதிலைத் திருத்தப் போய்க் கிடைத்ததுதான். அந்த வரிசை நமக்குத் தெரிந்தால், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதும் தெரியும். அடுத்த படிக்கு எப்படிக் கைகொடுப்பது என்பதும் தெரியும்.

முதல் படி: கனம்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் சொன்னது, கனமான பொருள் வேகமாக விழும். கனம் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் கூடும். ஊடகம் அடர்த்தியாக இருந்தால் வேகம் குறையும் என்பது. அவர் கண்ணால் கண்டதை வைத்துத்தான் பேசினார். பால்மரத்து இலை ஆடி ஆடி இறங்குகிறது; பால்மரத்துக் கொட்டை சட்டென்று விழுகிறது. தண்ணீரில் போட்ட கல் சீக்கிரம் மூழ்குகிறது. மணல் மெதுவாகப் படிகிறது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது தினசரி அனுபவம். அதனால்தான் "எல்லாம் ஒன்றாக விழும்" என்று நாம் சொன்னால் அதன் காதில் ஏறுவதில்லை.

இங்கே பிள்ளையின் கண்ணைப் பொய் என்று சொல்லக்கூடாது. இலை மெதுவாக விழுவது உண்மை. காரணம் கனக்குறைவு மட்டும் இல்லை. அதன் கனத்தோடு ஒப்பிடும்போது காற்றின் தடை பெரிதாக இருப்பதுதான் காரணம். அதே இலையைக் கசக்கி உருண்டையாக்கிப் போடச் சொல்லுங்கள். கனம் மாறவில்லை, ஆனால் விழும் நேரம் மாறிவிடும். இந்த ஒரு நிமிட வேலை கனத்தையும் காற்றுத் தடையையும் பிரித்துக் காட்டிவிடும்.

6-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஜான் ஃபிலோப்போனஸ் அரிஸ்டாட்டிலை மறுத்து எழுதினார். ஒன்றைவிட மற்றொன்று பல மடங்கு கனமான ரெண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால், விழும் நேரத்தில் தெரியும் வித்தியாசம் மிகச் சிறியது என்றார். ஆனால் அவர் பேச்சு ரொம்ப நாள் பெரிதாக எடுபடவில்லை.

அடுத்து நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின். 1586-இல் வெளியான தன் நூலில் ஒரு சோதனையை எழுதி வைத்தார். நண்பர் யான் கோர்னெட்ஸ் டி குரோட்டோடு சேர்ந்து ரெண்டு ஈயக் குண்டுகளை எடுத்தார். ஒன்று மற்றதைப்போல் 10 மடங்கு கனம். 30 அடி உயரத்திலிருந்து ரெண்டையும் ஒரு பலகையின் மேல் விழும்படி விட்டார்கள். ரெண்டு சத்தம் கேட்கவில்லை. ஒரே சத்தம்தான் கேட்டது. இதில் ஆசிரியருக்கு ஒரு பாடம் இருக்கிறது. இவ்வளவு குறுகிய நேரத்தைப் பிரித்தறியக் கண்ணைவிடக் காது நல்ல கருவி. வகுப்பில் செய்யும்போதும் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

பைசா கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டு போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதைச் சொன்னவர் அவருடைய மாணவர் விவியானி. அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு அச்சானது 1717-இல், கலிலியோ இறந்து 75 ஆண்டுகள் கழித்து. கதையைச் சொல்லலாம், ஆனால் உறுதியான சான்று என்று சொல்ல வேண்டாம். கலிலியோவே எழுதிவைத்த வாதம் அதைவிடச் சுவையானது. அதை நம்ம ஊர்த் தேங்காயில் இப்படிச் சொல்லலாம்.

பெரிய தேங்காய் ஒன்று, சின்னது ஒன்று. பெரியது வேகமாக விழும், சின்னது மெதுவாக விழும் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ரெண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மெதுவானது வேகமானதைப் பின்னால் இழுக்கும். அப்படியானால் சேர்ந்து விழும் வேகம் பெரிய தேங்காயின் வேகத்தைவிடக் குறைய வேண்டும். ஆனால் சேர்த்துக் கட்டியபின் மொத்தக் கனம் பெரிய தேங்காயைவிட அதிகம். அப்படியானால் வேகம் கூட வேண்டும். ஒரே நேரத்தில் கூடவும் வேண்டும், குறையவும் வேண்டும் என்றால் எங்கோ தொடக்கத்திலேயே கோணல். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூட இது புரியும். சோதனைக் கருவி எதுவும் வேண்டாம்.

இரண்டாம் படி: வேகம் எதைப் பொறுத்துக் கூடுகிறது?

விழும் பொருள் போகப் போக வேகம் எடுக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கேள்வி, அது எதைப் பொறுத்துக் கூடுகிறது? தூரத்தைப் பொறுத்தா, நேரத்தைப் பொறுத்தா?

பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலர் தூரம் என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தா ரெண்டு மடங்கு வேகம்." கலிலியோவும் முதலில் அதையேதான் நினைத்தார். 1604-இல் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், வேகம் கடந்த தூரத்தின் விகிதத்தில் கூடுகிறது என்ற அடிப்படையை வைத்தே தன் விதியை விளக்கினார். கிடைத்த விதி சரி. வைத்த அடிப்படை தவறு. அதைத் திருத்திக்கொண்டு, வேகம் கழிந்த நேரத்தின் விகிதத்தில் கூடுகிறது என்று அவர் முழுமையாக எழுதிய நூல் 'இரு புதிய அறிவியல்கள்' 1638-இல் ஹாலந்தின் லைடன் நகரில் வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1641-இல், அதே டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து நம் மலாக்காவைப் பிடித்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த ஆண்டோடு இதைச் சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

தூரம் என்ற பதில் ஏன் சரிவராது? இப்படிக் கேட்கலாம். பொருளை விடுகிற அந்தக் கணத்தில் கடந்த தூரம் சுழியம். அப்படியானால் வேகமும் சுழியம். வேகம் சுழியம் என்றால் அது நகராது. நகராவிட்டால் தூரம் சுழியமாகவே இருக்கும். பொருள் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்! நேரம் அப்படி இல்லை. பொருள் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேராக விழுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் கலிலியோ சாய்தளத்தைப் பயன்படுத்தினார். சுமார் 12 முழ நீளப் பலகையில் வழவழப்பான ஒரு காடி. அதில் வெண்கலக் குண்டு. கடிகாரம் கிடையாது. பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, அதை நிறுத்துப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டார். ஒவ்வொரு சம கால இடைவெளியிலும் குண்டு ஓடிய தூரம் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருந்தது. கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16. அதாவது மொத்தத் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது.

இப்படிச் சம அளவில் ஏறும் தொடரைக் கூட்டும் விதி புதிதல்ல. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே அதற்கு வழி உண்டு. தொடரைக் கூட்டத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். அந்தத் தொடரை விழும் பொருளில் அளந்து காட்டியவர் கலிலியோ. இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் சொல்வது நம் பிள்ளைகளுக்கு நல்லது. பெருமையும் உண்மையும் ரெண்டும் நிற்கும்.

சூத்திரத்தில் இருக்கும் ½ எங்கிருந்து வந்தது என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அதுவும் வரலாற்றில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள், சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரம், அதன் சராசரி வேகத்தில் ஓடினால் கடக்கும் தூரத்துக்குச் சமம் என்றார்கள். பிரான்சின் நிக்கோல் ஓரெம் அதைப் படமாகவே வரைந்தார். நேரம் கிடைமட்டம், வேகம் செங்குத்து. சுழியத்திலிருந்து சீராக ஏறினால் கிடைப்பது முக்கோணம். முக்கோணத்தின் பரப்பு அடி பெருக்கல் உயரத்தில் பாதி. அந்தப் பாதிதான் நம் சூத்திரத்து ½. வேகம்–நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்புதான் தூரம் என்று படிவம் 4-இல் நாம் நடத்துவது இதைத்தான்.

வகுப்பறையில்: நட்டும் மைலோ டின்னும்

கூடம், கருவி எதுவும் இல்லாத பள்ளியிலும் இதைக் காதால் கேட்கவைக்கலாம். ரெண்டு நூல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூலில் 0, 40, 80, 120, 160 செ.மீ. என்று சம தூரத்தில் ஐந்து இரும்பு நட்டுகளைக் கட்டுங்கள். இரண்டாவது நூலில் 0, 10, 40, 90, 160 செ.மீ. என்று வர்க்க அளவில் கட்டுங்கள். தரையில் மைலோ டின் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். நாற்காலியில் ஏறி, 0-வில் உள்ள நட்டு மூடியைத் தொடும்படி நூலைத் தூக்கிப் பிடித்து விடுங்கள்.

முதல் நூலில் தட்டும் சத்தம் வர வர நெருங்கும். இரண்டாவது நூலில் தாளம் சீராக இருக்கும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் சுமார் 0.14 விநாடி. மிருதங்கம், உறுமி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் காட்டினால் இன்னும் தெளிவு.

மூன்றாம் படி: எண்

கலிலியோ விகிதத்தைத்தான் நிறுவினார். சரியான எண்ணை அவர் தரவில்லை. 1632-இல் வெளியான நூலில் ஒரு குண்டு 5 விநாடியில் 100 முழம் விழும் என்று போகிறபோக்கில் எழுதினார். அது உண்மையான தூரத்தில் ஏறக்குறைய பாதிதான். பிரான்சின் மெர்சென் அளந்து பார்த்துவிட்டு இது ஒத்துவரவில்லை என்றார்.

இத்தாலியின் போலோனியா நகரில் ரிச்சியோலி என்ற யேசு சபைத் துறவி வேறு வழி கண்டார். 97 மீட்டர் உயர ஆசினெல்லி கோபுரத்திலிருந்து குண்டுகளை விட்டு, ஊசலின் அசைவை எண்ணி நேரம் பார்த்தார். அந்த ஊசலைச் சரிபார்க்க, துறவிகள் 24 மணி நேரமும் முறை போட்டு அசைவுகளை எண்ணினார்கள். 1651-இல் வெளியான அவர் நூல், கலிலியோவின் ஒற்றைப்படை விதி சரி என்று காட்டியது. எண்ணும் இன்றைய மதிப்பை நெருங்கியிருந்தது.

1659-இல் ஹாலந்தின் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் நேராக விழவிடுவதையே விட்டுவிட்டார். ஊசலின் நீளமும் அதன் அலைவு நேரமும் தெரிந்தால் விழும் முடுக்கத்தைக் கணக்கிடலாம் என்று கண்டார். விழும் பொருள் ஒரே தடவைதான் விழும்; அளப்பதில் ஏற்படும் பிழை அப்படியே நிற்கும். ஊசல் ஆயிரம் தடவை ஆடும்; பிழை ஆயிரத்தால் வகுபடும். அவருக்குக் கிடைத்தது, முதல் விநாடியில் பொருள் விழும் தூரம் இன்றைய அளவில் சுமார் 4.9 மீட்டர். அதை ரெண்டால் பெருக்கினால் 9.8. நாம் 'ஜி' என்று எழுதும் எண் அதுதான்.

நம் கடல் பக்கம் வந்த ஊசல்

இந்த எண் எல்லா ஊரிலும் ஒன்றா? 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். அது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 5 பாகை. பாரிசில் சரியாக ஓடிய அவருடைய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் 2½ நிமிடம் பின்தங்கியது. சரியாக ஓட, ஊசலை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருந்தது. பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு முடுக்கம் குறைவு என்று நியூட்டன் 1687-இல் தன் 'பிரின்சிப்பியா'வில் விளக்கியபோது, இந்த அளவும் அவருக்குச் சான்றாக இருந்தது.

இந்த வேலையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வு நிலையம் கட்டியது. அதன் கருங்கல் தூண் ஒன்று இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்த எழுத்துகளில் தமிழும் உண்டு. அந்த நிலையத்தின் தலைவர் ஜான் கோல்டிங்ஹாம், 1821-இல் சென்னையில் விநாடி ஊசலின் நீளத்தை அளந்தார். விநாடி ஊசல் என்றால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசல். லண்டனில் அதன் நீளம் 39.14 அங்குலம். சென்னையில் அவருக்குக் கிடைத்தது சுமார் 39.03 அங்குலம். இந்த வேறுபாடுதான் ரெண்டு ஊருக்கும் இடையே 'ஜி' எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்கிறது.

அதோடு அவர் நிற்கவில்லை. பூமத்திய ரேகை மேலேயே அளந்து பார்க்க வேண்டும் என்று, 1822-இல் சென்னையிலிருந்து ஒரு குழுவைக் கடல் கடந்து அனுப்பினார். அவர்கள் ஊசலை நிறுவிய இடம் சுமத்ராவின் மேற்குக் கரையோரம் உள்ள ஒரு சிறு தீவு. ஆங்கிலப் பதிவுகளில் அதன் பெயர் 'பூலோ கவுன்சா லவுட்'. பூலோ என்றால் நம்ம புலாவ்தான். லவுட் என்றால் லாவுட், கடல். அதாவது, பள்ளிக் கணக்கில் நாம் போடும் இந்த எண்ணைத் தேடி, 200 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையிலிருந்து ஒரு குழு மலாய்த் தீவுகளின் பக்கம் வந்திருக்கிறது. ரெண்டு வருஷம் கழித்து, 1824-இல், ஆங்கில–டச்சு உடன்படிக்கைப்படி மலாக்கா ஆங்கிலேயருக்குப் போனது. நம் முன்னோர் பால்மரத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் ரொம்பப் பின்னால். 1896-இல்தான் தான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார்.

இந்த அளவை எடுப்பது சும்மா நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. 1865 முதல் இந்தியா முழுக்க ஊசலைக் கொண்டுபோய் அளந்த கேப்டன் பசேவி, 1871-இல் லடாக்கின் குளிர்ந்த உயர்மலைப் பகுதியில் அளவெடுக்கும் பணியின்போது இறந்துபோனார். தேர்வுத்தாளின் மூலையில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் இப்படி ஓர் உயிரும் இருக்கிறது.

செலண்டார் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 2.4 பாகை. இங்கே 'ஜி' ஏறக்குறைய 9.78, சென்னையில் 9.783, துருவத்தில் 9.832. அனைத்துலக எடை அளவை மாநாடு 1901-இல் பொது மதிப்பாக 9.80665-ஐ ஏற்றது, அதைச் சுருக்கித்தான் பாடநூலில் 9.81. தேர்வில் கேள்வித்தாள் தரும் எண்ணையே போட வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் "இந்த எண் வானத்திலிருந்து வந்ததில்லை, அளந்து வந்தது, நம் ஊர் எண் கொஞ்சம் வேறு" என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

பள்ளியிலேயே அளக்கலாம். 1 மீட்டர் நூல், முனையில் கனமான ஒரு போல்ட். நீளத்தைக் கட்டிய இடத்திலிருந்து போல்ட்டின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். சின்னக் கோணத்தில்தான் ஆடவிட வேண்டும். 20 முழு அலைவுக்குச் சுமார் 40.2 விநாடி வரும். 9.78-க்கும் 9.81-க்கும் உள்ள வித்தியாசம் தெரிய 20 போதாது; 200 அலைவு எண்ண வேண்டும். அப்போது 401.8 விநாடிக்கும் 401.2 விநாடிக்கும் இடையே 0.6 விநாடி பிரியும். பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராக முறை போட்டு எண்ணட்டும், போலோனியாத் துறவிகள் மாதிரி.

நான்காம் படி: மேலே எறிந்தால்

பிள்ளைகள் ரொம்பக் குழம்புவது இங்கேதான். மேலே எறிந்த பந்தில் என்ன விசை இருக்கிறது என்று கேட்டால், "கை கொடுத்த விசை உள்ளே இருக்கு டீச்சர், அது தீர்ந்ததும் கீழே வருது" என்பார்கள். கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிசின் ழான் புரிடான், எறியும் கை பொருளுக்குள் ஒரு 'உந்தலை'ப் பதித்துவிடுகிறது என்று எழுதினார். 1982-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளெமெண்ட், சுண்டிவிட்ட காசு மேலே போகும்போது அதன் மீதுள்ள விசைகளை வரையும்படி பொறியியல் மாணவர்களைக் கேட்டார். பெரும்பாலானவர்கள் மேல்நோக்கி ஒரு விசையை வரைந்தார்கள். பல்கலைக்கழக மாணவரே தடுமாறும் இடத்தில் நம் பிள்ளை தடுமாறுவது அதிசயமில்லை.

கையை விட்ட பிறகு பந்தின் மீது இருப்பது பூமியின் ஈர்ப்பு மட்டுமே (காற்றைத் தள்ளிவைப்போம்). மேலே போகும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கம் ஒன்றே, கீழ்நோக்கி 9.81. உச்சியில் வேகம் மட்டும்தான் சுழியம். "உச்சியில் முடுக்கமும் சுழியம் என்றால் வேகம் மாறாது, வேகம் மாறாவிட்டால் பந்து அங்கேயே நிற்கும். நிற்குதா?" என்று கேட்டால் பிள்ளையே சிரித்துவிடும்.

கூட்டல், கழித்தல் குறிக்கு 628-இல் பிரம்மகுப்தர் சொன்ன வழி இன்றும் கைகொடுக்கும். அவர் நேர்ம எண்ணைச் செல்வம் என்றும் எதிர்ம எண்ணைக் கடன் என்றும் வைத்து விதி எழுதினார். மேல்நோக்கி எறிந்த வேகம் கையில் உள்ள காசு. ஈர்ப்பு ஒவ்வொரு விநாடியும் 9.81 பிடித்துக்கொள்ளும் கடன். காசு தீர்ந்தால் உச்சி. அதன் பிறகும் பிடித்தம் நிற்காது. கணக்கு கடனில் ஓடும். அதுதான் கீழே வரும் வேகம். மளிகைக்கடைப் பற்று வரவு தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

சொல்லும் ஒரு தடை

தமிழ்ப்பள்ளியில் வேகம் என்ற ஒரே சொல்லோடு படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் லாஜு, ஹலாஜு என்று ரெண்டைச் சந்திக்கிறது. வீட்டில் தமிழ் நூல் தேடினால் இன்னும் குழப்பம். தமிழ்நாட்டு நூலில் வேகம், திசைவேகம், முடுக்கம் என்று இருக்கும். இலங்கை நூலில் கதி, வேகம், ஆர்முடுகல் என்று இருக்கும். அதாவது 'வேகம்' என்பது தமிழ்நாட்டில் லாஜு, இலங்கையில் ஹலாஜு. இணையத்தில் கிடைக்கும் தமிழ்ப் பாடங்களைப் பிள்ளைகளுக்கு அனுப்பும்முன் எந்த நாட்டு நூல் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியில் வரும் மலாய்ச் சொற்களும் முக்கியம். 'டிலெப்பாஸ்கான்' என்றால் விடப்பட்டது. தொடக்க வேகம் சுழியம். 'டிலொந்தார்கான்' என்றால் எறியப்பட்டது. தொடக்க வேகம் உண்டு. இந்த ரெண்டு சொல்லைப் பிரித்துப் படித்தாலே பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. பால்மரத்துக் காய் வெடித்துக் கொட்டை தெறிப்பது விடப்பட்டதா, எறியப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் வரும்.

ஒரு கணக்கு, படிப்படியாக

20 மீட்டர் உயரக் கிளையிலிருந்து ஒரு டுரியான் விழுகிறது. தரையைத் தொட எவ்வளவு நேரம்? அப்போது வேகம் என்ன?

முதலில் திசை: கீழ்நோக்கி நேர்மம் என்று எழுதிவிட வேண்டும். அடுத்து, தெரிந்தவை: தொடக்க வேகம் 0, முடுக்கம் 9.81, தூரம் 20. கனம் தரப்படவில்லை; தேவையும் இல்லை. தூரம் = ½ × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். ஆகவே நேரத்தின் வர்க்கம் = 40 ÷ 9.81 = 4.08, நேரம் 2.02 விநாடி. வேகம் = 9.81 × 2.02 = விநாடிக்குச் சுமார் 19.8 மீட்டர். மணிக்கு 71 கிலோமீட்டர்! விடையை இப்படி மாற்றிப் பார்ப்பதே நல்ல சரிபார்ப்பு. டுரியான் காலத்தில் மரத்தடியில் ஏன் நிற்கக்கூடாது என்பதும் புரியும்.

வகுப்புக்கு நான்கு கேள்விகள்

1. 1 கிலோ, 2 கிலோ எடையுள்ள ரெண்டு தேங்காய்கள் 10 மீட்டரிலிருந்து ஒன்றாக விழுகின்றன. எது முதலில்? (ரெண்டும் ஒன்றாக, 1.43 விநாடி. கயிற்று வாதத்தைப் பிள்ளையே சொல்லட்டும்.)

2. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பந்தை மேலே எறிகிறோம். உச்சியில் வேகம், முடுக்கம், நேரம், உயரம்? (வேகம் 0, முடுக்கம் 9.81 கீழ்நோக்கி; 1.53 விநாடி, 11.5 மீட்டர்.)

3. விட்ட பொருள் முதல் நான்கு 0.1 விநாடிகளில் தனித்தனியே எவ்வளவு விழும்? (4.9, 14.7, 24.5, 34.3 செ.மீ. விகிதம் 1:3:5:7.)

4. 1971 ஆகஸ்டு 2-ஆம் தேதி அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலாவில் ஒரு சுத்தியலையும் பருந்து இனப் பறவை ஒன்றின் இறகையும் ஒன்றாக விட்டார். ரெண்டும் ஒன்றாக விழுந்தன. அங்கே 'ஜி' 1.62. கை உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நேரம் என்ன? பூமியில் சுத்தியலுக்கு? (நிலாவில் 1.41 விநாடி, பூமியில் 0.57 விநாடி.)

திருத்தும்போது ஒரு வேண்டுகோள். தவறான விடைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் போடாமல், அது எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு சொல் எழுதுங்கள்: கனம், தூரம், எண், உச்சி. "கலிலியோவும் 1604-இல் இப்படித்தான் எழுதினார், அடுத்ததைப் பார்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தப் பிள்ளை நோட்டை மூடிவைக்காது; அடுத்த கணக்கைப் போட்டுப் பார்க்கும்.